முதல் மழை வரைக்கும் தவணை

விய வருஷம், வைகாசி 1, செவ்வாய்

கத்திரி உச்சம். வாய்க்கால் அடைத்து வெகு நாளாயிற்று. கிணற்றில் தண்ணீர் கடைசிப் படிக்கும் கீழே. விடியக் கமலை ஓட்டியதில் மேற்குப் பாத்திக்கு மட்டும் பாய்ந்தது. கிழக்குப் பாத்தியில் வெற்றிலைக்கொடி தலை தொங்கிவிட்டது.

செய்ய வேண்டியவை: கமலையில் தண்ணீர் மொள்ளுகிற சால் தோலில் கிழிசல், தைக்கக் கொடுக்க. மயிலைக்காளைக்கு லாடம். அகத்தியை இப்போதைக்குக் கழிக்கக் கூடாது, கொடிக்கு இருக்கிற நிழலும் போய்விடும். மண்ணெண்ணெய் கூப்பன் கேட்டுப் பார்க்க. கிடைக்காது.

தண்ணீர் முறை குறிக்க வாங்கின நோட்டு இது. வேறு சங்கதிகளும் எழுத வேண்டியதாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும், விளக்கு கிடையாது.

மாரப்பன் வந்துவிட்டானாம். நாமக்கல் பஸ்ஸில் இறங்கினானாம். சர்பத்துக்கடைக்காரர் யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து அக்கட்டால போகச் சொன்னாராம். "அண்ணா, நா மாரப்பனுங்க" என்ற பிறகுதான் தெரிந்ததாம். இலவசமாகச் சர்பத்து கொடுத்தாராம். அந்த ஆள் இலவசமாகக் கொடுத்தாரென்றால் மாரப்பன் எந்த நிலைமையில் வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.

மாரப்பனும் என் தம்பி செங்கோடனும் ஒரே கப்பலில் மலாய்க்குப் போனவர்கள். ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு. தம்பி பெயரை இனி செ. என்றே குறிக்கிறேன். முழுப் பெயரையும் எழுதக் கை வரவில்லை. சண்டை வந்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு சேதி இல்லை. சண்டை முடிந்தும் இல்லை. கலியாணமான வருஷமே கப்பலேறினவன். பெண்டாட்டி பாவாயி எங்கள் வீட்டோடு இருக்கிறாள்.

பாவாயி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. புருஷனுக்கு மூத்தவனை முகம் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை என் பெண்டாட்டி நல்லாயியிடம் சொல்வாள். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வாள். இன்று மாட்டிடம்.

"மாரப்பன் வந்துட்டாராமா லட்சுமி. நம்மூட்டுக்கு எப்ப வருவாரோ என்னமோ."

மாடு தவிடு தின்றது. நானும் மாட்டைப் பார்த்தே, "நாளைக்கு வருவான்" என்றேன்.


வைகாசி 2, புதன்

வெயில் ஏறுமுன் மாரப்பன் வந்தான். போகும்போது கடப்பாரை மாதிரி இருந்தவன். கன்னம் ஒட்டி, காலெல்லாம் புண் ஆறின தழும்பு. கட்டிலைக் காட்டினேன், உட்காரவில்லை. சுவரோரம் குந்திக்கொண்டான்.

நல்லாயி கம்மஞ்சோறும் மோரும் வைத்தாள். பிசையாமல் கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது, ஞாபகம் உள்ளவரை: ஜப்பான்காரன் தோட்டத்துக்கு வந்து, ரயில் பாதை போடும் வேலை, கொஞ்ச நாளைக்குத்தான், அரிசியும் துணியும் உண்டு என்றானாம். கூட்ஸ் வண்டியில் அடைத்துச் சயாமுக்கு. அங்கே இறங்கிக் காட்டுக்குள் நடை. மூங்கில் கொட்டகை. எந்நேரமும் மழை. வாந்திபேதி கண்டவர்களைத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிடுவார்களாம்.

"உங்க தம்பியையும் மாத்திட்டானுங்க. நா வெளிய நின்னு கூப்புட்டேன். எந்திரிச்சு உக்காந்தாப்புல. 'மாரப்பா, ஊர்ல இப்பக் கொடிக்குத் தண்ணி உடற நேரம்'னு சொன்னாப்புலங்க. அடுத்த நா வெடியால எங்களய எல்லாம் மேக்கால ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. அதுக்கப்பறம் நா பாக்கலீங்க."

கதவுக்குப் பின்னால் பாவாயியின் வளையல் சத்தம். நல்லாயிதான் கேட்டாள்.

"உக்காந்துச்சா? நெனவோட பேசுச்சா?"

"பேசுச்சுங்க."

அவன் போன பிறகு பாவாயி வீடு பூராவும் சாணி போட்டு மெழுகினாள். யாரும் சொல்லவில்லை. மஞ்சள் அரைத்துக் குளித்தாள். மாட்டுக்கு ஒரு கை பருத்திக்கொட்டை அதிகம்.

எனக்கும் நம்பிக்கைதான். செ. லேசில் போகிற ஆள் இல்லை. சின்ன வயதில் கிணற்றில் விழுந்து, நாங்கள் கயிறு கொண்டுபோய்ச் சேருகிறவரை கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மேலே வந்ததும் பசிக்கிறது என்றவன்.

சால் தோல் தைத்தாயிற்று. மறுபடியும் ஒழுகுகிறது.


வைகாசி 3, வியாழன்

வெற்றிலை மண்டியில் இலையை எண்ணிக் கவுளி கட்டும் நாள். கட்டுகிறவர்களைவிடக் கதை கேட்கிறவர்கள் அதிகம். மாரப்பனை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மண்டியில் ஏற்கெனவே வெளிதேசக்காரர்கள் இருவர் உண்டு. ஒருவர் இராமண்ணன், பழைய பஸ்ரா சண்டைக்குப் போய் வந்தவர், ஒட்டகத்தைப் பற்றி ஆரம்பித்தால் ஓயமாட்டார். இன்னொருத்தி கண்டிக்காரம்மா. அவள் தேயிலைத் தோட்டத்து அட்டையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அட்டை ஒரு விரற்கடை வளர்ந்துவிடும். இப்போது மாரப்பன் வந்ததும் இரண்டு பேருக்கும் மவுசு போய்விட்டது. இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாய் சொல்லிப் பார்த்தார்கள்.

"எங்கள மணல்ல நடத்துனாம் பாரு, கால் வெந்துபோச்சு" என்று இராமண்ணன்.

"மணல் தேவலைங்க. இங்க சேறு. முட்டி வரைக்கும்" என்றான் மாரப்பன். இராமண்ணன் அடங்கிவிட்டார்.

யாரோ, "அங்க வெத்தல உண்டாடா?" என்று கேட்டார்கள்.

"இருக்குதுங்க. எல பெருசு. காரம் இல்லீங்க, தழையத் திங்கறாப்புல."

மண்டிக்கே திருப்தி. மலாய்நாட்டை நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

"மழ நிக்கவே நிக்காதுங்க. ராவும் பகலும். ஒடம்புல துணி காஞ்சதே இல்லீங்க." அதற்கு ஒருவர், "அதுல ஒரு பொழுது மழய இக்கட்ட அனுப்பியிருக்கலாமல்லொ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாரப்பனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான் கூடை அடுக்குக்குப் பின்னால் இருந்தேன், மாரப்பன் என்னைப் பார்க்கவில்லை. கண்டிக்காரம்மா செ.யைப் பற்றிக் கேட்டாள். மாரப்பன் குரல் தாழ்ந்தது.

"'ஊர்ல இப்பக் கொடிக்குத் தண்ணி உடற நேரம்'னாப்புலங்க. நா கையப் புடிச்சிருந்தேன். அப்பிடியே சில்லுனு ஆயிருச்சு. நாந்தேன் மூங்கக் குச்சியில குழி நோண்டினேன். மழத்தண்ணி குழிய ரொப்பிக்கிட்டே இருந்துச்சுங்க. எறச்சு எறச்சு ஊத்திப்போட்டு மண்ணத் தள்ளினேன்."

நேற்று என் வீட்டில் சொன்னபோது, வெளியே நின்று கூப்பிட்டானாம், செ. எழுந்து உட்கார்ந்தானாம். இன்று கையைப் பிடித்திருந்தானாம்.

கண்டிக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பங்காளிகளில் மூத்தவர் காளியண்ணன், அவரும் அங்கே இருந்தார். கூடைகளுக்குப் பின்னால் இருந்த என்னை அவர்தான் பார்த்தார். எழுந்து வந்துவிட்டேன்.

வெற்றிலைக் கொடிக்கால் படல் வரை வந்து நின்றேன். உள்ளே போகவில்லை. கிழக்குப் பாத்திக்குத் தண்ணீர் விடவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பருப்பும் நெய்யும் வைத்திருந்தார்கள். தலைவலி என்றேன்.


வைகாசி 4, வெள்ளி

வெயில் மேற்படி.

கொடிக்கால் சாதாரண வயல் மாதிரி இல்லை. செருப்புப் போட்டு நுழையக் கூடாது, குளிக்காமல் நுழையக் கூடாது. எழவு கேட்டவன் படலே தாண்டக் கூடாது, கொடி கருகிவிடும் என்பார்கள். கேட்ட நாள் தொட்டுக் காரியம் முடியும்வரை தீட்டு. எனக்கு மட்டும் என்றால் போகட்டும். ஒரே வேலிக்குள் கொடி வைத்திருக்கிற பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. கூலிக்கு ஆள் விடலாமென்றால் தீட்டுக்காரன் அனுப்புகிற கால் அதுவும் தீட்டுக்கால் என்பது எங்கள் அப்பன் காலத்துச் சட்டம். காரியம் முடிகிறவரை இந்தக் கத்திரியில் கொடிக்கால் முழுவதும் சருகாகிவிடும்.

ஆகவே தம்பி இருக்கிறானா இல்லையா என்பது ஊர்க் கேள்வி ஆகிவிட்டது.

காளியண்ணன் கிணற்றடியில் எல்லோரும் கூடினோம். மாரப்பனைக் கூட்டிவந்தார்கள். காளியண்ணன் கேட்டார்.

"நல்லா ஓசனை பண்ணிச் சொல்லு சாமி. நீ உட்டுட்டு வாரப்ப மூச்சு இருந்துச்சா, இல்லியா?"

மாரப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு வேலியைப் பார்த்தான். வேலிக்கு உள்ளே கொடி மஞ்சள் தட்டியிருப்பது அங்கிருந்தே தெரியும். அவனும் இந்த ஆற்றங்கரைக்காரன்தானே.

"இருந்துச்சுங்க."

"அப்ப மண்டியில மண்ணுப் போட்டேன்னயே?"

"அது வேற ஆளுங்க. தப்பாச் சொல்லிப்போட்டேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒருவர் உடனே எழுந்து மாட்டை அவிழ்த்தார்.

காளியண்ணன் தீர்ப்பு: "அப்ப ஆள் இருக்கான். ஒரு மழ உழட்டும். கொடி நிமுந்துக்கட்டும். அதுக்கப்பறம் சாவகாசமாப் பேசிக்கலாம்." பிறகு என் தோளைத் தொட்டுத் தனியாக: "மழ வந்ததும் காரியத்த முடிச்சர்லாம் பழனி. அந்தப் புள்ளையும் எத்தன நாளைக்குத்தேன் இப்பிடி."

காரியம் என்றால் பாவாயி தாலி இறக்குவதும் சேர்த்துத்தான்.

ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அவன் என் தம்பி, கொடிக்குத் தக்கபடி அவனை உயிரோடு வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் செத்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அவனைக் கொல்லுகிறேன்.

சோற்றுப் போசியோடு பாவாயி வந்திருந்தாள். வேலிக்கு அப்பால் நின்றாள். நான் பார்த்ததும் போசியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

குளித்துவிட்டுப் படலைத் திறந்து போனேன். கிழக்குப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். கொடி குடித்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது என்ன சந்தோஷம் என்று தெரியவில்லை.


வைகாசி 5, சனி

மண்டி. இலை சிறுத்துவிட்டது, வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மயிலைக்கு லாடம் அடித்தாயிற்று. கூப்பன் இல்லை.

மோகனூர்க்காரர் ஒருவர் இலை கொண்டுவந்திருந்தார். வயசானவர், நல்ல மனுஷர். வண்டி நிழலில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் இன்னார் என்று அவருக்குத் தெரியாது. தானாகவே பேச்சை எடுத்தார்.

"உங்கூருக்கு மாரப்பன்னு ஒருத்தர் வந்திருக்காரல்லொ. எம் பையங்கூட இருந்தவருங்க. உங்கூருக்கு வாரதுக்கு முந்தியே, சித்திரையில ஊடு தேடி வந்து சொல்லிப்போட்டுப் போனாரு. மவராசன். அவரு மடியிலதேன் பையன் போச்சாமா. கடைசியா என்ன சொன்னான் தெரியுமுங்களா?"

எனக்குத் தெரியும். அவர் சொல்வதற்குள் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"'ஊர்ல இப்பக் கொடிக்குத் தண்ணி உடற நேரம்'னானாமுங்க." அழவில்லை அவர். ஒரு மாதிரி பெருமையோடுதான் சொன்னார். "அவ்வளவு தூரத்துல கெடந்தும் கொடிய நெனச்சிருக்கான் பாருங்க."

ஆமாங்க என்றேன். காரியம் ஆயிற்றா என்று கேட்டேன். ஆயிற்றாம். மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டதாம்.

வழி முழுக்க மாரப்பன் மேல் ஆத்திரம். ஒரே வார்த்தையை எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறான்? நாளைக்கே போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும்.


வைகாசி 6, ஞாயிறு

போனேன். சட்டை இல்லை அவனிடம் பிடிக்க. அவனுடைய அக்கா வீட்டில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு, அந்த வெயிலில், பல் கிட்டிப்போய்க் கிடந்தான். மலாய்க் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதாம். அக்கா சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கம் குறைந்த பிறகு கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் போனேன், பக்கத்தில் குந்திவிட்டேன்.

"மாரப்பா, அந்த வார்த்தைய ஆர் சொன்னது? என் தம்பியா, மோகனூர்ப் பையனா?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரெண்டு பேருஞ் சொல்லியிருப்பாங்கண்ணா. இந்தக் கரையில பொறந்தவன் எவன் சொல்ல மாட்டான்? நானே சொன்னேனோ என்னமோ."

"கையப் புடிச்சிருந்தயா, வெளிய நின்னு கூப்புட்டயா?"

"தெரியிலீங்கண்ணா. எனக்கும் காச்ச. கொட்டாய் பூராவும் நம்ம ஆளுங்க. எல்லாம் ஒரே மொகமாட்டம் ஆயிப்போச்சு. தாடியும் எலும்புமா. நெசமாவே தெரியிலீங்க."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமல்லொ?"

எழுந்து உட்கார்ந்தான். இப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"கப்பல உட்டு எறங்குனதுந் தொட்டு ஒவ்வொரு ஊட்லயும் கூப்புட்டுச் சோறு போடறாங்கண்ணா. எம் பையனப் பாத்தயா, எம் புருசனப் பாத்தயான்னு. தெரியாதுன்னு சொன்னா அவிய மொகத்த நீங்க பாக்கோணும். ஆராச்சும் ஒருத்தரு கடைசியில பக்கத்துல இருந்தாங்கன்னு சொன்னாப் போதும், கும்புடறாங்க. உங்கூட்ல அந்தப் புள்ள கதவுக்குப் பொறகால நின்னுச்சு. எப்பிடிங்க சொல்றது? உக்காந்தாப்புலன்னு சொல்லிப்போட்டேன்."

கஷாயத்தை ஊதிக் குடித்தான். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி:

"எந்த ஊட்ல எதச் சொல்றனோ அங்க அதுதான் நடந்தாப்புல இருக்குதுங்கண்ணா."

திட்டுவதற்கு ஒன்றுமில்லை. கோணிப்பையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன். வரும் வழியில் எனக்கு ஒரு நப்பாசை. தெரியாது என்றால் இருக்கவும் கூடும்தானே. இன்னும் கப்பல்கள் வருகின்றன என்கிறார்கள். அடுத்த அடி வைக்கும்போதே அந்த ஆசை செத்துவிட்டது. அதற்கடுத்த அடியில் திரும்ப வந்தது. வீடு வரை இதே பிழைப்பு.


வைகாசி 7, திங்கள்

காற்று இல்லை. அகத்தி இலைகூட அசையவில்லை.

பெண்டுகள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாய்ப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, பிள்ளையார் கோயில் மரத்தடியில் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து தின்றுவிட்டு, ஊரை விட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். கேட்டு மனசிரங்கி மழை வர வேண்டும். ஊரிலுள்ள அத்தனை பெண்டுகளும் போக வேண்டும், ஒருத்தி விட்டாலும் பலிக்காது என்பது பேச்சு.

பாவாயி போகவில்லை.

நல்லாயி வாசலில் நின்று கத்தினாள். "அடி வாடி. ஊரே போவுது. எல்லார்த்து கொடியும் காயுது, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"நா வல்லீங்க்கா."

"ஏண்டி?"

"ஒப்பாரி வெக்க வேண்டாமுன்னு இருக்குதுங்க்கா."

எனக்குச் சரியாகத்தான் பட்டது. புருஷன் எங்கோ கிடக்கும்போது எந்தப் பெண் ஒப்பாரி வைப்பாள், விளையாட்டுக்கு வைத்தாலும் அபசகுனம்தானே. ஆனால் காளியண்ணன் பெண்டாட்டி வாசலில் நின்று பார்க்கிறாள். ஊர் பேசும். "கொடிக்கால்லதான எல்லாரும் கஞ்சி குடிக்கறோம்" என்று மாட்டிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

உள்ளே அம்மியில் அரைக்கிற சத்தம்தான் கேட்டது. வேறு நாளாயிருந்தால் மாட்டிடமாவது பதில் சொல்லியிருப்பாள்.

மரத்தடி ஒப்பாரி வீடு வரை கேட்டது. நல்லாயிக்கு நல்ல தொண்டை.


வைகாசி 8, செவ்வாய்

வெயில். கமலை. சால் தோல் மறுபடி கிழிசல், புதுத் தோலே வாங்க வேண்டும்.

கிழக்குப் பாத்தி தேறுகிறது. மேற்குப் பாத்தியில் இரண்டு வரிசை போயே போய்விட்டது.

காளியண்ணன் வழியில் பார்த்து, "மேக்க மின்னுச்சாமா" என்றார். மின்னினால் சந்தோஷப்படுகிற ஜாதி நாங்கள். வானத்தைப் பார்க்கப் பயப்படுகிற முதல் கொடிக்கால்காரன் நானாகத்தான் இருப்பேன்.


வைகாசி 9, புதன்

சாயங்காலம் மேகம். ஊரே வாசலில். கலைந்துவிட்டது.

பாவாயியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மழை வந்து, பங்காளிகள் வந்து, திடீரென்று தாலியில் கை வைப்பதைவிட முன்கூட்டியே தெரிவது நல்லது. நல்லாயியிடம் சொல்லச் சொன்னேன். "என்ற வாயால சொல்ல மாட்டேன், உங்க தம்பி, நீங்களே சொல்லுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே மாட்டுக் கொட்டாய். பாவாயி பால் கறந்துகொண்டிருந்தாள். நான் மாட்டின் மறுபக்கம் நின்று முதுகைத் தடவினேன்.

"லட்சுமி" என்றேன்.

பால் கறக்கிற சத்தம் நின்றது.

என்ன சொல்வது? உன் புருஷன் மழை வரும்வரை உயிரோடு இருப்பான் என்றா? மாட்டிடம்கூடச் சொல்ல முடியாத சங்கதி அது. "லட்சுமிக்குக் கால்ல ஈ மொய்க்குது, வேப்பெண்ண போடோணும்" என்றேன். கறக்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. வந்துவிட்டேன்.

கையாலாகாதவன் என்று ஊரில் சிலரைச் சொல்வோம். இப்போது அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. கை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, கமலை ஓட்டுகிறது, படல் திறக்கிறது. எந்தக் காரியத்துக்கு வேண்டுமோ அதற்கு மட்டும் எழவில்லை.

வேப்பெண்ணெய் வாங்க.


வைகாசி 10, வியாழன்

புழுக்கம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறுகிறது. நல்லாயி பார்த்துவிட்டு மழை வருமென்று எல்லோருக்கும் சொன்னாள். பாவாயி விளக்குமாற்றால் எறும்பு வரிசையைக் கூட்டித் தள்ளிவிட்டாள்.

மாரப்பனுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. பரமத்தியிலிருந்து யாரோ வண்டி கட்டி வந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பையன் திரும்பவில்லையாம்.


வைகாசி 11, வெள்ளி

மழை.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் புழுதி வாசனை, பிறகு தூற்றல், பிறகு கொட்டோ கொட்டென்று. ஆற்றுப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. சின்னதும் பெரிசுமாய் எல்லோரும் தெருவில் நனைகிறார்கள். நல்லாயி அண்டா, குடம், போசி, வீட்டிலிருக்கிற அத்தனையையும் கூரைத் தண்ணீருக்கு வைத்தாள். மாடு கத்துகிறது. நானும் வாசலில் இறங்கி முகத்தை நிமிர்த்தி நின்றுவிட்டேன். பழக்கம். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து நனைந்தேன்.

காளியண்ணன் வந்தார். கோணிப்பையைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கூட இரண்டு பங்காளிகள். நேராகக் கொடிக்காலிலிருந்து வருகிறார்கள்.

"நல்ல மழ பழனி. பாத்தி ரொம்பிருச்சு. இனிக் கொடி தன்னால நின்னுக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். மனசு கெட்டவர் இல்லை அவர். "அந்தக் காரியத்த நாளைக்கே ஆரம்பிச்சர்லாமா?"

வாயைத் திறந்தேன். தண்ணீர்தான் உள்ளே போயிற்று.

அப்போது பாவாயி புழக்கடையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். முழுக்க நனைந்து. முழங்கை வரை சேறு. எங்கள் எல்லோருக்கும் நடுவில் வந்து நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"இது பத்தாதுங்க மாமா. மேலால மட்டுந்தேன் நனஞ்சிருக்குது. நா கையால நோண்டிப் பாத்தேன். உள்ளுக்குக் காஞ்சுதேன் கெடக்குது."

அன்று வேலிக்கு அப்பால் நின்றவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மழைச்சோற்றுக்கு அவள் ஏன் போகவில்லை என்பதும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பாரிக்குப் பயந்து இல்லை, மழைக்குப் பயந்து.

காளியண்ணன் என்னைப் பார்த்தார். பங்காளிகள் என்னைப் பார்த்தார்கள். கூரைத் தண்ணீர் அண்டா நிரம்பி வழிந்து வாசலில் ஓடியது.

"பத்தாதுங்கண்ணா" என்றேன். "இன்னொரு மழ வரோணும்."

இதை எழுதும்போதும் பெய்துகொண்டிருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.